செல்லப்பிராணிக்கு நறுக்குன்னு ஒரு பேர் வைக்கிறது எப்படி: முழுமையான வழிகாட்டி

குட்டி வீட்டுக்கு வந்த மொத ராத்திரியே எல்லாரும் போன எடுத்து பேர் லிஸ்ட் பாக்க ஆரம்பிச்சிடுவாங்க, கண்ணுக்கு அழகா தெரியற ஒண்ண புடிச்சு வச்சிடுவாங்க, ரெண்டு வாரம் கழிச்சுப் போய்ப் பாத்தா அந்தப் பேர யாருமே சொல்றதில்ல, ஆளுக்கு ஒண்ணு சொல்லிக் கூப்பிட்டுட்டு இருப்பாங்க, குட்டியும் எதுக்குமே திரும்பாது. இத நான் திரும்பத் திரும்பப் பாக்குறேன். பேர் புடிக்கலைன்னு இல்ல, தேடுன விதம்தான் தப்பு. இது எழுதி வைக்கிற பேர் இல்ல, கூப்பிடுற பேர். அதனால வாயாலயும் காதாலயும் தேடணும், கண்ணால இல்ல.

கீழ உள்ள வரிசைய மாத்தாதீங்க. பாதிப் பேருக்குமேல சறுக்குறதே, கடைசில பண்ண வேண்டியத மொதல்ல பண்றதாலதான். நாயையும் பூனையையும் மனசுல வச்சு எழுதிருக்கேன், மத்ததுங்களுக்கு கடைசிப் பக்கமா கொஞ்சம் இருக்கு.

1. யோசிக்கிறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

ஒரு பேப்பர். அதுல மூணு விஷயம் எழுதணும்: வீட்ல இருக்குறவங்கள எல்லாரும் கூப்பிடுற பேர் (சர்டிபிகேட் பேர் இல்ல, வாயில வர்ற பேர்), அடிக்கடி வந்து போறவங்க, பக்கத்து வீட்டுக்காரங்க பேர், ஏற்கனவே வீட்ல வேற பிராணி இருந்தா அதோட பேர். குரலுக்கு பதில் சொல்ற ஸ்பீக்கர் இருந்தா அத எழுப்புற பேரையும் சேத்துக்கோங்க. நாய்க்கு லெக்ஸின்னு பேர் வச்சா அலெக்ஸாவும் சேந்து எந்திரிச்சு உக்காந்துக்கும்.

அப்புறம் மூணு நாலு நாள் டைம் குடுங்க. குட்டி பேரில்லாம நாலு நாள் இருந்தா ஒண்ணும் ஆகாது. அந்த நாலு நாள்ல தோணுற பேரையெல்லாம் அது மேல சொல்லிப் பாக்காதீங்க, காலைல ஒரு பேர் சாயங்காலம் ஒரு பேருன்னு கேட்டா, இவங்க வாயில இருந்து வர்ற சத்தத்துக்கு அர்த்தமே இல்லன்னு அது முடிவு பண்ணிடும். அதுவரைக்கும் நாக்க சொடுக்கியோ முத்தச் சத்தம் குடுத்தோ கூப்பிட்டா போதும்.

2. கட்டளைச் சொல்ல மொதல்ல முடிவு பண்ணுங்க

இந்த ஸ்டெப்பத்தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க. நாய உக்கார வைக்க என்ன சொல்லப் போறீங்க, 'சிட்'டா 'உக்காரு'வா? தடுக்க 'நோ'வா 'வேண்டாம்'மா? கூப்பிட 'கம்'மா 'வா'வா? வீட்ல எல்லாரும் ஒரே சொல்ல சொல்றதா பேசி முடிச்சு அதையும் அந்த பேப்பர்ல எழுதுங்க. பேர் வச்சதுக்கு அப்புறம் இத யோசிச்சா, ஒண்ணுக்கொண்ணு மோதுறது அப்பத்தான் தெரியும், அதுக்குள்ள குட்டிக்கு பேர் பழகிப் போயிருக்கும்.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா, ஹங்கேரி நாட்டு புடாபெஸ்ட்ல இருக்குற ஓட்வோஷ் லோரண்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரங்க 2020-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வீட்டு நாய்ங்க தலையில மூளை அலைய அளக்குற எலக்ட்ரோட் ஒட்டி, அதுக்குத் தெரிஞ்ச சொல், அதுல ஒரே ஒரு ஒலிய மாத்துன பொய்ச்சொல் (அர்த்தமே இல்லாத சொல்), சுத்தமா வேற மாதிரி இருக்குற பொய்ச்சொல், மூணையும் கேக்க வச்சாங்க. சுத்தமா வேற மாதிரி இருந்தத நாயோட மூளை பிரிச்சுக் காட்டுச்சு. ஒரே ஒலி மாறுன சொல்லுக்கும் தெரிஞ்ச சொல்லுக்கும் வித்தியாசம் காட்டல. காதுல கோளாறு இல்ல, நாம கவனிக்கிற அளவுக்கு அது ஒவ்வொரு எழுத்தையும் பிரிச்சு கவனிக்கிறதா தெரியல, அவ்ளோதான்.

ஒரு வீட்ல ஜோன்னு ஒரு குட்டி. செருப்ப வாயில கவ்விட்டு கூடத்து நடுவுல நிக்குது. அந்தப் பக்கம் இருந்து 'நோ! நோ!'ன்னு ஒருத்தர் கத்துறாரு, இந்தப் பக்கம் இருந்து 'ஜோ, இங்க வா'ன்னு இன்னொருத்தர் கொஞ்சுறாங்க. அது ஒரு அடி முன்னாடி வச்சுது, நின்னுச்சு, காத பின்னாடி ஒட்ட வச்சுகிட்டு அப்படியே தரையில உக்காந்துடுச்சு. வீட்டுக்காரங்க அது அடம் புடிக்குதுன்னாங்க. அடமெல்லாம் இல்ல, அதுக்கு ரெண்டும் ஒரே சத்தம்.

3. நீளம்: ரெண்டு சிலபிள்

சிலபிள்ங்கறது ஒரே வீச்சுல வாயில வர்ற சத்தத் துண்டு, 'டா-மி'ல ரெண்டு. ஒரு சிலபிள்னா அது தல தூக்கிப் பாக்குறதுக்குள்ள சத்தம் முடிஞ்சு போகும். அதோட வா, போ, நோ, சிட், ஸ்டேன்னு கட்டளைங்க எல்லாம் அதே சின்ன அளவுதான், கூட்டத்துல பேர் கரைஞ்சிடும். மூணுக்கு மேல போனா நம்மளே வெட்டிடுவோம், எப்படி வெட்டுறதுன்னு ஆளாளுக்கு மாறும், அங்கதான் ஒரு பிராணிக்கு நாலு பேர் வருது.

ஆனா எழுத்துல எண்ணாதீங்க, சொல்லி எண்ணுங்க. நம்ம வாய் மெய்யெழுத்துல நிக்காது, ஒரு 'உ' ஒட்டிக்கும். மேக்ஸ்னு வச்சா வீட்ல வர்றது 'மேக்ஸு'. ராக் 'ராக்கு' ஆகும். அதனால ஒரு சிலபிள்னு பயந்து தள்ளுன பேர் சிலது உண்மையில ரெண்டுதான், ரெண்டுன்னு நெனச்சு எடுத்த 'பிரின்சஸ்' மூணு தாண்டிப் போயிடும்.

இன்னொண்ணு. தூரத்துல இருந்து கூப்பிடும்போது கடைசிய இழுப்போம், 'டாமீ...' 'ஜிம்மீ...'ன்னு. இழுக்க வசதியா உயிரொலில முடியற பேர் வச்சுக்கிட்டா கூப்பிடுறப்பவும் கொஞ்சுறப்பவும் பேர் ஒரே மாதிரி இருக்கும். கிட்டக்க 'பிளேக்', தூரத்துல 'பிளேக்கூ'ன்னா அது ரெண்டு சத்தம் கத்துக்கணும்.

நீளமான பேர் மேல ஆசைன்னா தாராளமா வச்சுக்கோங்க, பேப்பர்ல. ஜாதி நாய்ங்களுக்கு பதிவுல ஒரு நீள பேரும் வீட்ல கூப்பிட ஒரு குட்டிப் பேரும் இருக்குறது சாதாரணம். அந்தக் குட்டிப் பேர தானா வரட்டும்னு விடாம, இந்த வழிகாட்டிபடி தனியா தேர்ந்தெடுங்க.

4. சத்தம்: தொடக்கம், நடு, முடிவு

தொடக்கத்துல க, ட, ப மாதிரி வல்லின ஒலி நல்லது. அந்த ஒலியில காத்து ஒரு நொடி அடைச்சு, பட்டுன்னு வெளிய வரும், நம்ம ஓயாம பேசிட்டு இருக்குற பேச்சுக்கு நடுவுல அது தனியா குத்திட்டு நிக்கும். ம, ந, ல, வ எல்லாம் மெதுவா ஆரம்பிக்கிறதால முன்னாடி வந்த சொல்லோட ஒட்டிக்கும். மிமின்னு வச்சா திரும்பாதுன்னு சொல்லல, கொஞ்சம் கூடுதலா பழக்கணும், அவ்ளோதான்.

நடுவுல இரட்டிச்ச எழுத்து இருந்தா இன்னும் நல்லது. க, ட, ப எல்லாம் நடுவுல ஒத்தையா வந்தா நம்ம வாயில மெலிஞ்சிடும், இரட்டிச்சா கெட்டியா நிக்கும். பிக்கோ, டப்பு, சிட்டு மாதிரி. முடிவுல இ, ஓ, ஆ, ஊ எதுவும் ஓகே, இழுக்க முடியணும்.

நாய் சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும், பூனை 60,000-க்கும் மேல கேக்கும், நமக்கு 20,000 தான் எல்லை, அதனால ஸ, ஷ மாதிரி கீச்சு ஒலி வைங்கன்னு ஒரு அட்வைஸ் சுத்துது. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. நம்ம தொண்டைல இருந்து வர்ற எல்லாமே அதுங்க கேக்குற எல்லைக்குள்ளதான் இருக்கு, கேக்குறது பிரச்சனையே இல்ல, மத்த சொல்லுல இருந்து பிரிஞ்சு தெரியறதுதான் பிரச்சனை. அதுக்கு மேல, 'ஸ்' ஒலிய சத்தமா கத்த முடியாது, கத்திப் பாருங்க, உயிரெழுத்துதான் சத்தமா போகும், 'ஸ்' வழியிலயே காத்துல போயிடும்.

5. வடிகட்டுறது

இப்ப ஒரு எட்டுப் பத்துப் பேர் எழுதிக்கிட்டு மொதல்ல போட்ட பேப்பர பக்கத்துல வைங்க. ஒரு லிஸ்ட எடுத்து செஞ்சே காட்டுறேன்: ஸ்னோ, ரே, பிரின்சஸ், மணி, சிட்டு, ஷேடோ, குட்டி, டிங்கோ, பிக்கோ.

ஸ்னோ 'நோ'வோட மோதுது, அடிச்சாச்சு. ரே 'ஸ்டே'யோட மோதுது, நீங்க 'இரு'ன்னு சொல்றவங்கன்னா வச்சுக்கலாம். பிரின்சஸ் நீளம். மணி எதிர்வீட்டுக்காரர் பேர், நீங்க வாசல்ல நின்னு 'மணி, அசிங்கம் பண்ணாத வா உள்ள'ன்னு கத்துனா அப்புறம் வர்ற பஞ்சாயத்துக்கு நான் பொறுப்பில்ல.

சிட்டு இருக்கே, போன ஸ்டெப்ல நல்ல பேர்னு சொன்னேன், இன்னமும் நல்ல பேர்தான். ஆனா 'சிட்' கட்டளை நம்ம வாயில 'சிட்டு'ன்னுதான் வரும். அப்ப ஒவ்வொரு தடவ கூப்பிடும்போதும் அது உக்காந்துக்கும், இல்ல உக்காரச் சொன்னா ஓடி வரும். 'உக்காரு' சொல்ற வீட்ல சிட்டு தங்கம். கட்டளைய மொதல்ல முடிவு பண்ணச் சொன்னது இதுக்குத்தான்.

குட்டி, செல்லம், கண்ணா, தங்கம் இதெல்லாம் பேரா வைக்கவே வைக்காதீங்க. வீட்ல பிள்ளைங்களையும் அப்படித்தான் கூப்பிடுவோம், போன்லயும் அப்படித்தான் பேசுவோம், நாள் முழுக்க அந்த சத்தம் அது காதுல விழும், ஒரு தடவகூட அதுக்குன்னு எதுவும் நடக்காது. அப்புறம் எப்படி அது பேராகும்? அதோட ஆறு மாசத்துல அது உங்க இடுப்பு உயரம் வளந்துட்டா குட்டின்னு கூப்பிடுறது வேற கதை.

ஷேடோ வீட்ல பெரியவங்க வாயில 'சேடோ' ஆகலாம், அத அடுத்த ஸ்டெப்ல பாக்கலாம். மிச்சம் டிங்கோ, பிக்கோ. ரெண்டுமே நல்லா இருக்கு, ஆனா ரெண்டு குட்டி வந்திருக்குன்னு ரெண்டையும் ஒரே வீட்ல வச்சிடாதீங்க. ஜோடிப் பேர் போட்டோ கீழ எழுத அழகா இருக்கும், ஒண்ணக் கூப்பிட்டா ரெண்டும் வரும், இல்ல ரெண்டுமே வராது. ரெண்டு பிராணிக்கு மொத ஒலியும் வேற, முடிவும் வேற இருக்கணும்: ஒண்ணு டிங்கோன்னா இன்னொண்ணு பட்டு.

பூனைக்குட்டிக்கு ஆணா பொண்ணான்னு டாக்டர் பாத்து சொல்றதுக்கு முன்னாடி ராணி, ராஜான்னு போகாதீங்க. சின்ன வயசுல பாத்தா தப்பா தெரியறது ரொம்ப சகஜம்.

6. வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்க

மிஞ்சுன ரெண்டு மூணு பேர வீட்ல எல்லாரும் சத்தமா சொல்லணும். மனசுக்குள்ள இல்ல, சத்தமா. பிராணிய வேற ரூம்ல விட்டுட்டு இதப் பண்ணுங்க, தேர்வுல தோக்கப் போற பேரையெல்லாம் அது கேக்க வேணாம்.

மூணு விதமா சொல்லுங்க: மடியில வச்சு கொஞ்சுற மாதிரி, அடுத்த ரூம்ல இருந்து கூப்பிடுற மாதிரி, வாசல் கேட் திறந்து கிடக்கு, அது ரோட்டப் பாத்து ஓடுதுன்னா கத்துற மாதிரி. மூணாவதுதான் முக்கியம். அந்த அவசரத்துல நாக்கு சுளுக்குற பேர் வேலைக்கு ஆகாது. வேகமா பத்து தடவ சொல்லுங்க, நாலாவது தடவயே குழறுச்சுன்னா தூக்கிப் போடுங்க.

வீட்ல சின்னப் பிள்ளையும் வயசானவங்களும் கண்டிப்பா சொல்லிப் பாக்கணும். ஒருத்தர் ஷேடோ, ஒருத்தர் சேடோ, பிள்ளை தேடோன்னா அந்தப் பேர் வீட்டுக்கு ஒத்துவரல. அவங்க உச்சரிப்ப திருத்த உக்காராதீங்க, பேர மாத்துறது ஈசி.

கூப்பிடுற தொனியும் இங்கயே கவனிச்சுக்கோங்க. பட்ரீசியா மெக்கானல்னு ஒரு விலங்கு நடத்தை ஆராய்ச்சியாளர், வெவ்வேற மொழி பேசுற பயிற்சியாளர்ங்க பிராணிங்கள எப்படி கூப்பிடுறாங்கன்னு பதிவு பண்ணிப் பாத்தாங்க. விரட்டி ஓட வைக்க எல்லாரும் சின்னச் சின்ன சத்தத்த அடுக்கி அடுக்கிக் குடுக்குறாங்க, நிறுத்தவோ அமைதிப்படுத்தவோ ஒரே நீளச் சத்தம். ரெண்டு சிலபிள் பேர் ரெண்டுக்கும் வளையும்: 'பிக்கோபிக்கோபிக்கோ'ன்னா ஓடி வரும், 'பிக்கோஓஓ'ன்னா நிதானமாகும்.

7. கத்துக் குடுக்கிறது

பேர் முடிவாகிடுச்சு. ஆனா பேர் வச்ச உடனே அதுக்குத் தெரிஞ்சிடாது, அது பேர்னு அதுக்கு ஒண்ணும் தோணாது, அந்தச் சத்தம் வந்தா நல்லது நடக்கும்னு மட்டும்தான் பதியும்.

அமைதியான ரூம், கையில சின்னச் சின்ன ட்ரீட் (அதுக்குப் புடிச்ச தீனித் துண்டு). அது வேற எங்கயாவது பாக்கும்போது பேர ஒரே ஒரு தடவ சொல்லுங்க. திரும்புன உடனே ட்ரீட். அந்த 'உடனே'ல தாமதம் கூடாது, பாக்கெட்ட திறந்து எடுக்குறதுக்குள்ள அது மூணு வேற விஷயம் பண்ணிருக்கும், எதுக்கு குடுத்தீங்கன்னு புரியாது. சில நிமிஷம் போதும், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வேளை. அப்புறம் அடுத்த ரூம்ல இருந்து, அப்புறம் வாசல்ல, அப்புறம் வெளிய.

அமைதியான இடத்துல ஆரம்பிக்கச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. அமெரிக்காவுல மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துல 2019-ல பண்ண ஆய்வுல, பின்னாடி ஆளுங்க பேசுற சத்தம் ஓடும்போதும் நாய்ங்க தன் பேர கண்டுபிடிச்சுது, ஆனா அந்தச் சத்தம் பேரோட சத்தத்த விட அதிகமானப்ப முடியல. டிவி அலறிட்டு இருக்குற கூடத்துல பாடம் ஆரம்பிச்சு, திரும்பலன்னு குறை சொல்றதுல நியாயமில்ல.

இங்க நடக்குற தப்புங்க:

திரும்பலன்னா 'பிக்கோ பிக்கோ பிக்கோ டேய் பிக்கோ'ன்னு அடுக்குறது. பழக்குற நேரத்துல இப்படிப் பண்ணா, மொத மூணு தடவ திரும்பத் தேவையில்லன்னுதான் அது கத்துக்கும். திரும்பலன்னா கிட்டப் போங்க, இடத்த இன்னும் அமைதியாக்குங்க.

பேரச் சொல்லித் திட்டுறது. திட்டணும்னா 'வேண்டாம்' மட்டும் போதும், பேர் எதுக்கு? அதே மாதிரி குளிப்பாட்ட, நகம் வெட்ட, மருந்து போட பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க, நீங்களே போய் தூக்கிட்டு வாங்க. பேரக் கேட்டதும் கட்டிலுக்கு அடியில ஓடுற பூனைய நெறைய வீட்ல பாக்கலாம், அதுக்கு பேர் நல்லாவே தெரியும்!

பூனைக்கு பேரெல்லாம் தெரியாதுன்னு விட்டுடறது. ஜப்பான்ல அட்சுகோ சைட்டோங்கறவங்க குழு 2019-ல இத சோதிச்சுது. பேர் மாதிரியே நீளமும் அழுத்தமும் உள்ள நாலு சொல்ல வரிசையா கேக்க வச்சாங்க, பூனைக்கு போரடிச்சு கவனம் கொறஞ்சுது, அஞ்சாவதா அதோட பேர் வந்ததும் காதும் தலையும் அசைஞ்சுது, தெரியாத ஆள் குரல்ல சொன்னாலும்கூட. வருதா வரலயாங்கறது அதோட இஷ்டம், தெரியாதுன்னு நெனைக்காதீங்க. அதே ஆய்வுல பூனை கஃபேல (பூனைங்களோட நேரம் கழிக்க ஆளுங்க வர்ற காபிக்கடை) வாழ்ற பூனைங்க தன் பேரையும் கூட இருக்குற பூனைங்க பேரையும் பிரிச்சுக் காட்டல. அதனால வீட்ல ரெண்டு மூணு இருந்தா ஒவ்வொண்ணையும் தனி ரூம்ல வச்சு பழக்குங்க, ஒண்ணு பேர சொல்லிட்டு எல்லாத்துக்கும் ட்ரீட் குடுக்காதீங்க.

எவ்ளோ கூப்பிட்டும், எந்தச் சத்தத்துக்கும் அசையவே இல்லன்னா காது கேக்குதான்னு டாக்டர்ட்ட காட்டுங்க. நீலக் கண்ணு வெள்ளைப் பூனைலயும் டால்மேஷன் நாய்லயும் பிறவிச் செவிடு மத்ததுங்கள விட அதிகம். அப்படி இருந்தா கை சைகைதான் அதோட பேர், மேல சொன்ன அதே முறைலதான் பழக்கணும்.

8. செல்லப்பேர்

வரும், தடுக்க முடியாது. அசல் பேருக்கு திரும்புறது நல்லா பதியற வரைக்கும் மட்டும் அடக்கி வாசிங்க. அதுக்கப்புறம் பிக்கோவ பிக்கி, பிக்குட்டின்னு என்ன வேணா சொல்லுங்க, தொடக்கம் மாறாம இருந்தா நல்லது. அவசரத்துல கூப்பிட அசல் பேர் மட்டும்.

9. ஏற்கனவே பேர் இருக்குற பிராணின்னா

தத்தெடுத்தது பழைய பேருக்கு சந்தோஷமா திரும்புதுன்னா, அந்தப் பேர் உங்களுக்கு சுமாரா இருந்தாலும் விட்டுடுங்க. பேரக் கேட்டதும் வாலச் சுருட்டிக்குது, ஒதுங்குது, இல்ல உங்க கட்டளையோட மோதுதுன்னா மாத்தலாம். எந்த வயசுலயும் மாத்தலாம்.

புதுப் பேர சொல்லி, அடுத்த நொடியே பழைய பேர சொல்லி, திரும்புனா ட்ரீட். வரிசை இதுதான், புதுசு முன்னாடி. பழசு முன்னாடி வந்தா அதுக்கே திரும்பிடும், பின்னாடி வர்ற புதுசக் கவனிக்கவே தேவை இருக்காது. புதுசு முன்னாடி வந்தா, இது வந்தா அது வரும்னு தெரிஞ்சுகிட்டு சீக்கிரமே மொத சத்தத்துக்கே திரும்ப ஆரம்பிச்சிடும், அப்ப பழச விட்டுடலாம். பழைய பேர்ல பயம் இருந்தா மட்டும் இப்படிச் சேக்காதீங்க, புதுச ஏழாவது ஸ்டெப்ல சொன்ன மாதிரி ஒண்ணுல இருந்து ஆரம்பிங்க.

10. கிளி, முயல், மீன்

பேசுற கிளின்னா அது அந்தப் பேர திருப்பிச் சொல்லும், விடியக்காலைலயும் சொல்லும், அதனால கேக்க சகிக்கிற பேரா வைங்க. முயலும் ட்ரீட்டோட சேத்துப் பழக்குனா பேருக்கு வரும். மீனுக்கு எட்டு சிலபிள்ல வச்சாலும் நஷ்டம் இல்ல, ஆசைய அங்க தீத்துக்கோங்க.

11. பதிவு

இதக் கடைசில பண்ணுங்க. பேர் ஒரு வாரம் எல்லார் வாயிலயும் நின்னதுக்கு அப்புறம்தான் டாக்டர் கார்டு, கழுத்துப்பட்டை டேக் எல்லாம். மொத நாளே டேக்ல பொறிச்சிட்டு, அந்த டேக்குக்காகவே ஒத்துவராத பேர இழுத்துட்டு இருக்குறவங்க நெறைய. டேக்ல பேர் சின்னதா, போன் நம்பர் பெருசா இருக்கட்டும், தொலைஞ்சு போனா கண்டுபிடிக்கிறவங்களுக்குத் தேவை நம்பர்தான்.

மைக்ரோசிப் (தோலுக்கு அடியில வைக்கிற சின்ன அடையாளச் சில்லு) போட்டிருந்தா அதுக்குள்ள பேர் இருக்காது, உலகம் முழுக்கப் பொதுவா இருக்குற தரத்துல அது 15 இலக்க நம்பர் மட்டும்தான். பேரும் உங்க விவரமும் அந்த நம்பரோட சேந்த பதிவுல இருக்கும். தத்தெடுத்து பேர மாத்துனவங்க அந்தப் பதிவத் திறந்து பேர திருத்தும்போது, பழைய ஓனரோட போன் நம்பர் அங்கயே கிடக்கான்னும் பாத்து மாத்திடுங்க.